பாரிஸ் டிஸ்னிலேண்டில் தவறவிடக் கூடாதவை

கலிபோர்னியா டிஸ்னிலேண்டை நன்றாகப் பார்த்தவர்கள், 1992-இல் திறக்கப்பட்ட பாரிஸ் பூங்காவிலும் அதே வரிசையில் ஓடுகிறார்கள். அப்படிச் செய்யாதீர்கள். முதலில் கோட்டைக்கு அடியில் இறங்குங்கள். இருண்ட குகையில் சங்கிலியால் பிணைக்கப்பட்ட பெரிய டிராகன் ஒன்று புகை விட்டு உறுமுகிறது. அமெரிக்கப் பூங்காக்களில் இது கிடையாது. வரிசையில் நிற்கவும் வேண்டாம். ஆனாலும் பலர் வாசலைக் கவனிக்காமலே கடந்துவிடுகிறார்கள் என்பதுதான் என் வருத்தம்.

அடுத்து பிக் தண்டர் மவுண்டன் என்ற ரோலர் கோஸ்டர் ரயில். இங்கே அந்த மலை நீருக்கு நடுவே தனித் தீவாக நிற்கிறது. ரயில் தண்ணீருக்கு அடியில் சுரங்கம் வழியாகப் பாய்ந்து தீவை அடைந்து, அதே போல இருளில் திரும்புகிறது. அமெரிக்காவில் ஏறியவர்களும் கட்டாயம் ஏறுங்கள். பேய் மாளிகையும் அப்படித்தான்: இங்கே அதற்குத் தனிக் கதை, மணப்பெண் ஒருத்தியின் சோகக் கதை.

மழை வந்தால் கவலை வேண்டாம். நுழைவாயிலிலிருந்து கோட்டை நோக்கிச் செல்லும் மெயின் ஸ்ட்ரீட் என்ற கடைத்தெருவின் இருபுறமும் கடைகளுக்குப் பின்னால் கூரையிட்ட நடைபாதைகள் உள்ளன. நனையாமல் கோட்டைப் பக்கம் போய்விடலாம். காரும் தேவையில்லை. பாரிஸ் நகர மையத்திலிருந்து ஆர்.இ.ஆர். 'ஏ' ரயிலில் சுமார் 40 நிமிடம். கடைசி நிலையத்தில் இறங்கினால் எதிரிலேயே பூங்கா. ஆனால் அந்தத் தடம் வழியில் பிரிகிறது. மார்ன் லா வாலே ஷெஸ்ஸி என்ற பெயர் பலகையில் இருக்கிறதா என்று பார்த்து ஏறுங்கள்.