மயிலுக்கு 17 தடவை நூல் மாற்றிய கதை

பிளவுஸ் முதுகுக்கு எம்பிராய்டரியில் ஒரு மயில். நிறம் ஐந்துதான், ஆனால் என் ஒற்றை ஊசி மெஷின் 17 தடவை நின்று நூல் மாற்றச் சொன்னது. இரண்டு நாள் மெஷினைத்தான் திட்டினேன். தப்பு என் கோப்பில்.

நான் வேலை செய்வது இங்க்ஸ்கேப் என்ற வரைகலை மென்பொருளில், படத்தைத் தையலாக மாற்றும் இங்க்ஸ்டிச் என்ற நீட்சியைச் சேர்த்து. இரண்டும் இலவசம். பொருள்களின் பட்டியலில் அடியில் இருப்பதுதான் முதலில் தைக்கப்படும். நான் வரைந்த போக்கில் பச்சை, நீலம், மறுபடி பச்சை என்று கலந்து கிடந்தது.

ஒரு பச்சை இறகைத் தேர்ந்தெடுத்து, எடிட் மெனுவில் அதே நிரப்பு நிறம் உள்ளவற்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னேன். எல்லாப் பச்சையும் ஒன்றாகத் தேர்வானது. அவற்றைப் பட்டியலில் ஒரே இடத்துக்கு நகர்த்தினேன், மற்ற நிறங்களையும் அப்படியே. பட்டியலில் அடுத்தடுத்து ஒரே நிறம் இருந்தால் மெஷின் நூல் கேட்காது.

அந்த உற்சாகத்தில் கறுப்பு மொத்தத்தையும் ஒரே மூச்சில் அடியில் தள்ளினேன். கண் உடலுக்குள் புதைந்துபோனது! கிளிக் செய்தால் உடல்தான் மாட்டுகிறது. ஆல்ட் விசையை அழுத்திக்கொண்டு கிளிக் செய்தால் கீழே இருப்பது பிடிபடும். அப்புறம் பேஜ் அப் விசையால் மேலே ஏற்றினேன். ஒன்றன்மேல் ஒன்று படியும் பாகங்களை நிறம் பார்த்து நகர்த்தக் கூடாது, அவ்வளவுதான்.

தையல் ஓடும் வரிசையைத் திரையில் காட்டும் சிமுலேட்டரில் ஓட்டிப் பார்த்தேன். ஆறு நிறத் தொகுதிகள். கறுப்பு மட்டும் இரண்டு முறை. சரி, போகட்டும். மெஷின் படிக்கும் டிஎஸ்டி கோப்பை அனுப்பினாலும், நான் வரைந்த மூலக் கோப்பான எஸ்விஜியை அழிக்கவில்லை. டிஎஸ்டியில் வெறும் தையல் புள்ளிகள்தான் இருக்கும், இறகை இறகாகத் தேர்ந்தெடுக்க முடியாது.