பி.எட். காலேஜ்ல சயின்ஸும் சுற்றுச்சூழலும் சொல்லித்தர்ற வேலைக்கு எப்படி வர்றது

முதல்ல படிப்பு. பாட்டனி, ஜுவாலஜி, கெமிஸ்ட்ரி, பிசிக்ஸ் இதுல ஒண்ணுல எம்.எஸ்சி., அப்புறம் ரெண்டு வருஷ பி.எட்., ரெண்டு வருஷ எம்.எட்., எம்.எஸ்சி.லயும் எம்.எட்.லயும் 55% கீழ போகாம பாத்துக்கோங்க, கூடவே காலேஜ்ல பாடம் எடுக்கறதுக்கான தகுதித் தேர்வு, அதாவது தேசிய அளவுல நடக்கற நெட் இல்லன்னா மாநில அளவுல நடக்கற செட், முடிஞ்சா பிஎச்.டி. என்விரான்மென்டல் சயின்ஸ்ல எம்.எஸ்சி. சேரணும்னு ஆசை இருந்தா, வேலைக்கு எடுக்கறப்போ அதை எந்த சப்ஜெக்டுக்கு சமமா எடுத்துக்கறாங்கன்னு காரப்பாக்கத்துல இருக்கற ஆசிரியர் கல்வியியல் பல்கலைக்கழகத்துல கேட்டுட்டு சேருங்க. விதிமுறை மாறிட்டே இருக்கும், பழைய நோட்டிபிகேஷன நம்பாதீங்க.

நடுவுல கொஞ்ச வருஷம் ஸ்கூல்ல பாடம் எடுத்தே ஆகணும். நாப்பது பசங்க இருக்கற கிளாஸ தானே சமாளிக்காதவங்க பி.எட். ஸ்டூடன்ட்டுக்கு என்னத்த சொல்லித்தர முடியும்?

இதெல்லாம் தகுதிதான், உங்கள தனியா காட்டப்போறது ஊர் தண்ணி. சென்னையில அதுக்குப் பஞ்சமே இல்ல. 2022ல ராம்சார் அந்தஸ்து (உலக அளவுல முக்கியமான ஈரநிலம்ங்கற அங்கீகாரம்) கெடச்ச பள்ளிக்கரணை சதுப்புநிலம், எண்ணூர் கழிமுகம், இல்ல உங்க தெரு பக்கத்து ஏரி, ஏதோ ஒண்ண எடுத்து வெயில் காலம், மழைக்காலம் ரெண்டுலயும் போய்ப் பாருங்க, தண்ணிய டெஸ்ட் பண்ணி தேதி போட்டு எழுதி வைங்க.

தண்ணியில கரைஞ்சிருக்கற ஆக்சிஜன பாக்கற வின்க்ளர் டெஸ்ட் கண்டிப்பா கத்துக்கோங்க. பாட்டில்ல காத்துக்குமிழி இல்லாம தண்ணிய ரொப்பி, மாங்கனீஸ் சல்பேட்டும் ஆல்கலி அயோடைடும் விட்டு மூடி தலைகீழா ஆட்டினா, ஆக்சிஜன் இருக்கற தண்ணியில பழுப்பா படியும், இல்லாத தண்ணியில வெள்ளையாவே நிக்கும். ஆல்கலி தோல அரிச்சிடும், கிளவுஸ் போடாம தொடாதீங்க. "மாசுபட்ட நீர்"னு புக்குல பத்து தடவ படிக்கறத விட அந்த ரெண்டு பாட்டில பக்கத்துல பக்கத்துல வச்சா பசங்களுக்கு சட்டுனு புரியுது, மீன் ஏன் செத்து மிதக்குதுன்னு அவங்களே கேக்க ஆரம்பிப்பாங்க.

அந்தக் கேள்விய லெசன் பிளானா மாத்தறதுதான் நம்ம வேலையே. சுற்றுச்சூழல் கல்விய கட்டாயமாக்கணும்னு சுப்ரீம் கோர்ட் 1991லயே சொல்லிடுச்சு, ஆனா அது நிறைய எடத்துல இன்னும் சார்ட் பேப்பரோட நிக்குது, அதப் பாத்தா மனசு ஆறல.

அதனால பி.எட். இன்டர்ன்ஷிப் போறப்பவே அந்த ஸ்கூல் சுற்றுச்சூழல் மன்றத்த (எக்கோ கிளப்) பாத்துக்கற டீச்சர்கிட்ட பேசி, ஒரு பாடத்தையாவது ஏரிக்கரையில எடுக்க எச்.எம்.கிட்ட பர்மிஷன் லெட்டர் வாங்குங்க. அந்த லெசன் பிளான், பசங்க எழுதின அளவு, போட்டோ எல்லாத்தையும் ஃபைல் போட்டு வைங்க, இன்டர்வியூல அத நீட்டுங்க.