'ஹேவ்' எங்கே, 'ஹேட்' எங்கே: வார்டில் பேசவும் கடிதம் எழுதவும்

வெளிநாடு போகத் தயாராகும் நர்ஸ்களுக்கு நாகர்கோவிலில் ஆங்கில மாலை வகுப்பு எடுக்கிறேன். வருகிறவர்களுக்கு மருத்துவச் சொற்கள் எல்லாம் தண்ணீர் பட்ட பாடு. இடறுவது பெரும்பாலும் ஹேவ் (have), ஹேஸ் (has), ஹேட் (had) மூன்றிலும்தான். ஷிஃப்ட் மாறும்போது அடுத்தவரிடம் நோயாளியை ஒப்படைக்கிற அந்தச் சின்னப் பேச்சில் இவை இடம் மாறி விழுந்தால் செய்தியே மாறிவிடும். அதனால் இலக்கணப் புத்தகத்தின் வரிசையை விட்டுவிட்டு, வார்டில் இருந்தே தொடங்குகிறேன்.

"ஹி ஹேட் செஸ்ட் பெயின்." நெஞ்சுவலி இருந்தது, இப்போது இல்லை என்றுதான் கேட்பவர் எடுத்துக்கொள்வார். "ஹி ஹேஸ் செஸ்ட் பெயின்." இப்போது வலிக்கிறது, எப்போது தொடங்கியது என்ற தகவல் இதில் இல்லை. "ஹி ஹேஸ் ஹேட் செஸ்ட் பெயின் சின்ஸ் ஃபோர் ஓ'கிளாக்." நாலு மணிக்குத் தொடங்கிய வலி இன்னும் நிற்கவில்லை. டாக்டருக்கு வேண்டியது இந்த மூன்றாவது வாக்கியம். ஆனால் நம் வாயில் வருவது "ஹி ஹேஸ் செஸ்ட் பெயின் சின்ஸ் ஃபோர்" என்பதுதான். காரணம் எளிது. தமிழில் "நாலு மணியிலேர்ந்து வலிக்குது" என்று நிகழ்காலத்தில் சொன்னால் போதும். ஆங்கிலமோ தொடக்கத்தையும் இப்போதைய நிலையையும் சேர்த்துக் கட்டச் சொல்கிறது. அந்தக் கட்டுதான் ஹேவ் அல்லது ஹேஸ், அதோடு வினைச்சொல்லின் மூன்றாவது வடிவம் (கிவ், கேவ், கிவ்வன் என்பதில் கடைசி).

சின்ஸுக்குப் பிறகு தொடங்கிய நேரம் வரும்: சின்ஸ் மண்டே, சின்ஸ் 2019. ஃபாருக்குப் பிறகு கால அளவு வரும்: ஃபார் த்ரீ டேஸ், ஃபார் டென் இயர்ஸ். "சின்ஸ் டென் இயர்ஸ்" என்பதை இன்றே விட்டுவிடுங்கள்.

பிரசன்ட் பெர்ஃபெக்ட் என்ற இந்த ஹேவ் கட்டு நமக்கு அந்நியமானது என்று பலர் நினைக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. "டாக்டர் வந்தார்" என்பதற்கும் "டாக்டர் வந்திருக்கார்" என்பதற்கும் உள்ள வித்தியாசம் நம் வீட்டுக் குழந்தைக்கும் தெரியும். வந்திருக்கார் என்றால் ஆள் இப்போது இங்கே இருக்கிறார். எழுந்து நில், நாற்காலி போடு. வந்தார் என்றால் அந்த நிகழ்ச்சி நடந்தது, அவ்வளவுதான். "த டாக்டர் ஹேஸ் கம்", "த டாக்டர் கேம்" இரண்டுக்கும் உள்ள இடைவெளியும் இதேதான்.

ஆங்கிலம் இதன்மேல் ஒரு கண்டிப்பைச் சேர்க்கிறது: முடிந்துபோன நேரத்தைச் சொல்லிவிட்டால் ஹேவ் கூடாது. யெஸ்டர்டே, லாஸ்ட் நைட், இன் 2015, ஆன் மண்டே, டூ அவர்ஸ் அகோ, இவற்றில் ஒன்று வந்ததும் சிம்பிள் பாஸ்ட்டுக்கு, அதாவது சாதாரண இறந்தகாலத்துக்கு, மாறிவிட வேண்டும். "ஐ ஹேவ் கிவ்வன் த இன்ஜெக்ஷன்" சரி. "ஐ கேவ் த இன்ஜெக்ஷன் அட் டென்" சரி. இரண்டையும் கலந்து "ஐ ஹேவ் கிவ்வன் த இன்ஜெக்ஷன் அட் டென்" என்றால் பிழை. நம்மை இதில் தள்ளிவிடுவது 'விட்டேன்'. "ஊசி போட்டுட்டேன்" என்பதை ஹேவ் என்று மாற்றிப் பழகிய வாய், "பத்து மணிக்கே போட்டுட்டேன்" என்பதையும் ஹேவ் என்றே மாற்றும். நேரம் வந்ததா என்று மட்டும் பாருங்கள்.

பேச்சில் இந்த மாற்றம் இயல்பாக நடப்பதைக் கவனித்துக் கேட்டால் தெரியும். கேள்வி ஹேவில் தொடங்கும், விவரம் பாஸ்ட்டில் போகும். "ஹேவ் யூ எவர் ஹேட் சர்ஜரி?" "யெஸ், ஐ ஹேவ்." "வென் டிட் யூ ஹேவ் இட்?" "ஐ ஹேட் இட் இன் 2016." வாழ்நாளில் எப்போதாவது என்று கேட்கும்போது ஹேவ்; எப்போது என்று குறிப்பாகக் கேட்ட நொடியில் டிட். ஆங்கில வாய்த்தேர்வுக்கு இந்த நாலு வரியை வேறு வேறு தலைப்பில் மாற்றி மாற்றிச் சொல்லிப் பழகுங்கள். கடைசி வரியில் உள்ள ஹேட், பாஸ்ட் பெர்ஃபெக்ட் (ஹேட், அதோடு மூன்றாவது வடிவம்) இல்லை. ஹேவ் என்ற வினையின் சாதாரண இறந்தகாலம். பின்னால் இன்னொரு வினை இல்லை என்பதே அடையாளம்.

குடும்ப நோய் வரலாறு எழுதும்போது இன்னும் நுணுக்கம் வேண்டும். "ஹிஸ் ஃபாதர் ஹேஸ் ஹேட் டூ ஹார்ட் அட்டாக்ஸ்" என்றால் அப்பா உயிரோடு இருக்கிறார் என்று படிப்பவர் புரிந்துகொள்வார். இறந்தவரைப் பற்றி எழுதும்போது "ஹிஸ் ஃபாதர் ஹேட் டூ ஹார்ட் அட்டாக்ஸ்." ஒரே ஒரு ஹேஸ், ஒரு மனிதர் இருக்கிறாரா இல்லையா என்பதைச் சொல்லிவிடுகிறது.

வாந்தி பற்றிச் சொல்லும்போது: "ஷி ஹேஸ் பீன் வாமிட்டிங் ஆல் நைட்" என்றால் ராத்திரி முழுக்க விட்டுவிட்டு எடுத்துக்கொண்டே இருந்திருக்கிறார். எத்தனை தடவை என்று எண்ணிச் சொல்வதானால் பீனும் ஐஎன்ஜியும் போய்விடும்: "ஷி ஹேஸ் வாமிட்டட் த்ரீ டைம்ஸ்." எண்ணிக்கை சொன்னால் இரண்டாவது வாக்கியம் போல, தொடர்ச்சி சொன்னால் முதல் வாக்கியம் போல. நோ (know, தெரிந்திருப்பது), பிலீவ் (நம்புவது) போன்ற வினைகள் ஐஎன்ஜி ஏற்காது. "ஐ ஹேவ் நோன் ஹர் ஃபார் இயர்ஸ்" மட்டுமே.

அப்புறம் கான், பீன். தமிழில் "அவர் மதுரைக்குப் போயிருக்கார்", "நான் மதுரைக்குப் போயிருக்கேன்" இரண்டுக்கும் ஒரே வினை. ஆங்கிலம் பிரிக்கும். ஆள் இப்போது இங்கே இல்லை என்றால் "ஹி ஹேஸ் கான் டு மதுரை." போய்த் திரும்பிய அனுபவம் என்றால் "ஐ ஹேவ் பீன் டு மதுரை." எதிரே உட்கார்ந்துகொண்டு "ஐ ஹேவ் கான் டு துபாய்" என்றால் கேட்பவர் விழிப்பார்.

இனி ஹேட். இதைத்தான் நம்மவர்கள் தேவைக்கு அதிகமாகச் செலவு செய்கிறார்கள். "நேத்து உங்க வீட்டுக்கு வந்திருந்தேன்" என்பது நல்ல தமிழ். வந்தேன், திரும்பியும் போய்விட்டேன் என்பது அதில் அடங்கியிருக்கிறது. அதை அப்படியே "ஐ ஹேட் கம் டு யுவர் ஹவுஸ் யெஸ்டர்டே" என்று சொல்லும்போது ஆங்கிலக்காரர் அடுத்த வாக்கியத்துக்காகக் காத்திருப்பார். எதற்கு முன்னால் வந்தீர்கள் என்று அவர் மனம் கேட்கும். அவருக்கு ஹேட் என்றால், கடந்தகாலத்தில் ஒரு புள்ளி, அதற்கும் முன்னால் நடந்தது இது. அந்தப் புள்ளி பேச்சில் எங்கேயும் இல்லாவிட்டால் "ஐ கேம்" போதும். "லாஸ்ட் வீக் ஐ ஹேட் கான் டு ஊட்டி" என்பதும் அப்படியே: "ஐ வென்ட்."

சரி, எப்போதுதான் தேவை? இந்த இரண்டையும் உரக்கப் படியுங்கள். "வென் த டாக்டர் கேம், ஷி டுக் த டேப்லெட்." டாக்டர் வந்தார், அதன் பிறகு நோயாளி மாத்திரை சாப்பிட்டார். "வென் த டாக்டர் கேம், ஷி ஹேட் ஆல்ரெடி டேக்கன் த டேப்லெட்." டாக்டர் வருவதற்குள் மாத்திரை உள்ளே போய்விட்டது. ஹேட் இல்லாவிட்டால் முன்பின் புரண்டுவிடும் என்ற இடத்தில் அது கட்டாயம். பிஃபோர், ஆஃப்டர் போன்ற சொல்லே வரிசையைக் காட்டிவிட்டால் பேச்சில் விட்டுவிடலாம்: "ஷி டுக் த டேப்லெட் பிஃபோர் த டாக்டர் கேம்." நீளமாக எழுதும்போது ஒரு சிக்கனம் உண்டு. பழைய கதைக்குள் நுழையும்போது ஓரிரு ஹேட் போட்டு வாசகரை அங்கே கொண்டுபோய் நிறுத்துங்கள். பிறகு சிம்பிள் பாஸ்ட்டிலேயே நடத்துங்கள். வரிக்கு வரி ஹேட் போட்டால் படிப்பவர் களைத்துப்போவார்.

செய்தி எழுத்தில் இந்த மூன்று காலமும் கைகோத்து வரும். சந்திரயான்-3 இறங்கிய செய்தியை இப்படி எழுதலாம். முதல் வரி: "இந்தியா ஹேஸ் லேண்டட் எ ஸ்பேஸ்கிராஃப்ட் ஆன் த மூன்." புதுச் செய்தி, அதனால் ஹேஸ். அடுத்து விவரம்: "த லேண்டர் டச்ட் டவுன் ஆன் ஆகஸ்ட் 23, 2023." தேதி வந்தது, ஹேஸ் போனது. பின்னணி: "அன்டில் தென், ஒன்லி த்ரீ கன்ட்ரீஸ் ஹேட் மேட் எ சாஃப்ட் லேண்டிங் தேர்." சோவியத் யூனியன், அமெரிக்கா, சீனா மூன்றும் அதற்கு முன்பே இறங்கியவை, அதனால் ஹேட். ஆங்கில நாளிதழை எடுத்து முதல் பத்தியில் ஹேஸ், ஹேவ் எங்கே இருக்கிறது, எந்த வரியில் மறைகிறது என்று பென்சிலால் கோடு போட்டுப் பாருங்கள். பத்துப் பயிற்சித்தாளை விட இது பலன் தரும் என்பது என் அனுபவம்.

காதால் பிடிப்பது தனிப் பயிற்சி. பேச்சில் ஹேவ் முழுசாக வராது. "ஐ ஹேவ் டன்" என்பது "ஐவ் டன்" ஆகிவிடும். அந்த 'வ்' உதட்டைத் தொட்டுவிட்டு ஓடிவிடும். "ஹீஸ்" என்பது ஹி ஹேஸ் ஆகவும் இருக்கலாம், ஹி இஸ் ஆகவும் இருக்கலாம். பின்னால் வரும் சொல்லைக் கேளுங்கள்: "ஹீஸ் ஈட்டன்" என்றால் சாப்பிட்டுவிட்டார், "ஹீஸ் ஈட்டிங்" என்றால் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார். "தேட் லெஃப்ட்" என்றால் தே ஹேட். "தேட் லீவ்" என்றால் தே வுட். நோயாளிக்கான கடிதத்தில் இந்தச் சுருக்கம் எதுவும் வேண்டாம், முழுசாக எழுதுங்கள்.

அமெரிக்கா போகிறவர்களுக்கு ஒரு குறிப்பு. அங்கே பேச்சில் "டிட் யூ ஈட் யெட்?", "ஐ ஆல்ரெடி ஏட்" சர்வசாதாரணம். பிரிட்டனில் "ஹேவ் யூ ஈட்டன் யெட்?", "ஐவ் ஆல்ரெடி ஈட்டன்" என்பார்கள். இரண்டுமே சரி. தேர்வு எழுதும்போது ஹேவ் வடிவத்தைப் பிடித்துக்கொள்வது பாதுகாப்பு.

'இருப்பார்', 'இருக்கும்' பற்றிக் கேட்பவர்கள் உண்டு. தமிழில் அந்த ஒரே ஈறு ஆங்கிலத்தின் மூன்று இடங்களுக்குப் போகும். "ஏழு மணிக்குள்ள ட்ரிப் (drip, நரம்பில் சொட்டுச் சொட்டாக ஏறும் மருந்து) முடிஞ்சிருக்கும்": "த ட்ரிப் வில் ஹேவ் ஃபினிஷ்ட் பை செவன்." "இந்நேரம் தூங்கியிருப்பார்" என்று ஊகித்தால்: "ஹி மஸ்ட் ஹேவ் ஃபாலன் அஸ்லீப் பை நவ்." "முன்னாடியே சொல்லியிருந்தா டாக்டர் வந்திருப்பார்" என்று நடக்காததைச் சொன்னால்: "இஃப் யூ ஹேட் டோல்ட் அஸ் எர்லியர், த டாக்டர் வுட் ஹேவ் கம்." நடக்கப்போவதா, ஊகமா, நடக்காமல் போனதா என்று முதலில் உங்களையே கேட்டுக்கொண்டு, பிறகு வில், மஸ்ட், வுட் எடுங்கள்.

பயிற்சிக்கு ஒரு நோயாளி. பன்னிரண்டு வருடமாகச் சர்க்கரை நோய். 2009-இல் குடல்வால் அறுவை. நேற்று ராத்திரி மயங்கி விழுந்தார். விழுவதற்கு முன் எதுவும் சாப்பிடவில்லை. காலையிலிருந்து இரண்டு தடவை வாந்தி. பார்க்காமல் ஒருமுறை சொல்லிப் பார்த்துவிட்டு ஒப்பிடுங்கள்: "ஷி ஹேஸ் ஹேட் டயபடீஸ் ஃபார் ட்வெல்வ் இயர்ஸ். ஷி ஹேட் ஹர் அப்பெண்டிக்ஸ் ரிமூவ்ட் இன் 2009. ஷி ஃபெயின்ட்டட் லாஸ்ட் நைட். ஷி ஹேட் நாட் ஈட்டன் எனிதிங் பிஃபோர் தட். ஷி ஹேஸ் வாமிட்டட் ட்வைஸ் சின்ஸ் திஸ் மார்னிங்."