அவநம்பிக்கை: எழுதும்போது சறுக்கும் இடங்கள்

மெய்ப்புப் பார்க்கப் புதிதாகச் சேர்ந்த இரண்டு பேர் போன வாரம் திருத்திக் கொடுத்த பக்கங்களைப் படித்தேன். 'அவநம்பிக்கை' வரும் இடங்களில் இருபது வருடத்துக்கு முன்னால் நான் செய்த அதே கூத்து. எழுத்துப்பிழையை விடுங்கள், அது யார் கண்ணிலாவது பட்டுவிடும்.

'சந்தேகம்' என்று மாற்றுவது

அவநம்பிக்கை நீளமான சொல், தலைப்பில் அடங்காது என்று 'சந்தேகம்' போட்டுவிடுகிறார்கள். நானும் போட்டேன், அதுவும் எங்கள் குடியிருப்புச் சங்கத்தின் கூட்டக் குறிப்பில். மூன்று மாதமாகக் கணக்கு வரவில்லை, பொறுப்பைப் பொருளாளரிடமே விட்டுவைக்கலாமா என்று உறுப்பினர்கள் தயங்கினார்கள், அவ்வளவுதான் விஷயம். நான் எழுதியது: 'பொருளாளர் மீது உறுப்பினர்களுக்குச் சந்தேகம்.' மறுநாள் காலை அந்தத் தாளோடு பொருளாளர் என் வாசலில் நின்றார். "நான் பணத்தை எடுத்துட்டேன்னு எழுதியிருக்கீங்களா சார்?" அவர் கேட்டதில் தப்பே இல்லை. ஒருவர் மீது சந்தேகம் என்றாலே அவர் ஏதோ செய்திருக்கிறார் என்றுதான் படிப்பவர் எடுத்துக்கொள்வார். போலீஸ்காரர் 'சந்தேகத்தின்பேரில்' பிடிப்பது அந்தச் சந்தேகம். அவநம்பிக்கைக்கு ஒரு குற்றம் நடந்திருக்க வேண்டியதில்லை, இவரை நம்பி இறங்கினால் சரிவருமா என்று மனம் பின்வாங்கினால் போதும். (வகுப்பில் பையன் கேட்கும் சந்தேகம் இந்தக் கணக்கிலேயே வராது.) திருத்தம் எழுதி அறிவிப்புப் பலகையில் ஒட்டினேன். இன்றுவரை நான் நிற்கும் லிஃப்டில் அவர் ஏறுவதில்லை.

நம்பிக்கையின்மையும் இதுவும் ஒன்றா?

கிட்டத்தட்ட. ஆனால் 'இன்மை' வெறும் இல்லாமை. 'அவ' வந்தால் அவமானம், அவப்பெயர் மாதிரி ஒரு கசப்பு ஏறும். முன்பின் தெரியாதவரிடம் இருப்பது முதலாவது, ஒரு தடவை கைவிட்டவரிடம் வருவது இரண்டாவது.

நம்பிக்கையில்லாத தீர்மானம்

'நம்பிக்கையில்லாத் தீர்மானம்.' அந்த 'த்'தை விடாதீர்கள்.

1999

வாஜ்பாய் அரசு ஏப்ரல் 17 அன்று ஒரே ஓட்டில், 269க்கு 270 என்று, கவிழ்ந்ததை நம்பிக்கையில்லாத் தீர்மானம் என்றே எழுதுகிறார்கள். அன்று தோற்றது அவரே கொண்டுவந்த நம்பிக்கைத் தீர்மானம். நேரு அரசுக்கு எதிராக 1963இல் எதிரணியிலிருந்த கிருபளானி கொண்டுவந்தாரே, அதுதான் நம்பிக்கையில்லாத் தீர்மானம்.

அவ நம்பிக்கை

சேர்த்து எழுதுங்கள். பிரித்தால் யாரோ ஒருத்தியின் நம்பிக்கை.