வீட்டுக்குள் காற்றோட்டத்தை அளக்கப் போகிறீர்களா? வடசென்னைச் சந்துகளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வியாசர்பாடி, பழைய வண்ணாரப்பேட்டை பக்கம் சுவரோடு சுவர் ஒட்டி நிற்கும் வீடுகளில் இயற்கையாக எவ்வளவு காற்று வந்து போகிறது என்று பொறியியல் மாணவர்கள் புராஜெக்ட் செய்வது நல்ல விஷயம். நாளைக்கு ஒருவர் அந்த எண்ணை நம்பி ஜன்னலுக்கு இடம் குறிப்பார். அதனால்தான் இவ்வளவு கறாராகச் சொல்கிறேன்.

முதல் தவறு வீட்டுக்குள் நுழையும் முன்பே நடந்துவிடுகிறது. மீனம்பாக்கத்தில் பதிவான காற்று வேகத்தை அப்படியே எடுத்துக் கணினி மாதிரியில் போடுகிறார்கள். அது விமான நிலையத் திறந்தவெளியில் அளந்தது. இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒதுங்கி நிற்க வேண்டிய சந்தில் அந்த வேகம் இருக்காது. காற்றின் அழுத்தம் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. வேகம் பாதியானால் அழுத்தம் கால்வாசிதான். மொட்டை மாடியில் ஒன்று, ஜன்னல் மட்டத்தில் ஒன்று என்று இரண்டு காற்றுமானிகளாவது வையுங்கள். கோடையில் கடற்காற்று பெரும்பாலும் மதியத்தை ஒட்டித்தான் உள்ளே வரும், மேற்கிலிருந்து வீசும் காற்று பலமாக இருக்கும் நாளில் இன்னும் தாமதமாகும். காலையில் மட்டும் அளந்துவிட்டு முடிவு எழுதாதீர்கள்.

அதிகம் பேர் சறுக்குவது கார்பன் டை ஆக்சைடு கணக்கில். அறையில் அந்த வாயுவின் அளவை ஏற்றிவிட்டு, ஆட்களை வெளியே அனுப்பி, அது எவ்வளவு சீக்கிரம் குறைகிறது என்று பார்க்கும் முறை இது. 1620 பிபிஎம் (பத்து லட்சம் பங்கு காற்றில் 1620 பங்கு) ஒரு மணி நேரத்தில் 820 ஆகிறது என்று வையுங்கள். வெளிக்காற்றிலேயே 420 இருக்கிறது, அதை இரண்டிலிருந்தும் கழிக்க வேண்டும். 1200, 400 என்று வரும். விகிதம் 3, அதன் இயற்கை மடக்கை (ln) சுமார் 1.1. அதாவது மணிக்கு 1.1 முறை காற்று மாறுகிறது. கழிக்காமல் போட்டால் 0.68 என்று வரும். ஒரே வீடு, ஒரே தரவு, விடை மட்டும் ஏறக்குறைய நாற்பது சதவீதம் குறைவு! அந்த 420-ஐயும் புத்தகத்திலிருந்து எடுக்காமல் அன்றைக்கே வாசலில் அளந்துகொள்ளுங்கள். பெரிய ரோட்டை ஒட்டிய வீட்டில் அது கூடுதலாக இருக்கும். அளக்கும்போது யாராவது உள்ளே தூங்கிக்கொண்டிருந்தால் அந்த அளவை விட்டுவிடுங்கள், அவர் மூச்சும் கணக்கில் சேர்ந்துவிடும்.

விலை குறைந்த சென்சார்கள் பலவற்றில் தானியங்கி அளவீட்டுத் திருத்தம் உண்டு. பார்த்ததிலேயே குறைந்த அளவை வெளிக்காற்று என்று அது எடுத்துக்கொள்ளும். ஐந்து பேர் எப்போதும் இருக்கும் ஒற்றை அறை வீட்டில் அந்த அனுமானம் பொய்த்துவிடும். அதை நிறுத்திவையுங்கள்.

அப்புறம், சென்சார் தரவை அனுப்பும் வைஃபை. 2.4 கிகாஹெர்ட்ஸில் ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் 1, 6, 11 மூன்றுதான். சாயங்காலம் எல்லா வீட்டு ரூட்டரும் ஓடும்போது சென்சார் அனுப்பும் தரவு விட்டுப்போகும். விட்டுப்போவது வீடு நிறைய ஆள் இருக்கும் நேரத்துத் தரவு. மிச்சத்தின் சராசரியைப் பார்த்தால் வீடு நல்ல காற்றோட்டமாகத் தெரியும். மெமரி கார்டிலும் சேர்த்துப் பதிவு செய்தால் போதும்.

எல்லா ஜன்னலையும் திறந்துவைத்து அளப்பதும் தவறு. கொசுவுக்கும் திருட்டுக்கும் பயந்து ராத்திரி மூடித்தான் வைப்பார்கள். அவர்கள் வாழ்கிறபடியே விட்டு அளக்க வேண்டும்.

கடைசியாக, காற்று அதிகம் மாறினாலே நல்லது என்று எழுதிவிடாதீர்கள். கொடுங்கையூர் குப்பைமேட்டில் தீப்பிடித்த நாளில், தொழிற்சாலைகள் நிறைந்த மணலி பக்கமிருந்து நெடி வரும் நாளில், அதே ஜன்னல் வழியாகப் புகையும்தான் வரும். நுண்துகள் அளவையும் உள்ளே, வெளியே இரண்டு இடத்திலும் கூடவே எடுங்கள்.