ஆபீசுக்கு பிரிண்டர் வாங்கும்போது சறுக்கும் இடங்கள்

"லேசரா, இங்க்டேங்க்கா?" என்று யார் கேட்டாலும், "போன மாதம் எத்தனை ரீம் பேப்பர் தீர்ந்தது?" என்று நான் திருப்பிக் கேட்பேன். பெரும்பாலும் பதில் வராது. ஒரு ரீம் 500 தாள். மாதம் 6 ரீம் என்றால், ஒரு பக்கம் மட்டும் அடித்தாலே 3,000 பக்கம். இந்தக் கணக்கு தெரியாமல் கடைக்குப் போவதில்தான் வினை ஆரம்பிக்கிறது.

கடையில் கண்ணில் படுவது பிரிண்டரின் விலை மட்டும்தான். விலை குறைந்த லேசரோடு வரும் டோனர் (தூள் மை அடைத்த கேட்ரிட்ஜ்) பல மாடல்களில் அரைகுறை 'ஸ்டார்ட்டர்' டோனர். 700 பக்கத்திலேயே தீர்ந்துவிடுவதும் உண்டு. மேலே சொன்ன ஆபீசில் அது ஒரு வாரம் தாங்கினால் பெரிது. அப்புறம் புது டோனர் வாங்கும்போதுதான் உறைக்கும். ஒரு பேச்சுக்கு, 1,600 பக்கம் வரும் டோனர் 4,000 ரூபாய் என்று வையுங்கள்: பக்கத்துக்கு இரண்டரை ரூபாய், மாதம் 7,500 ரூபாய். டோனரும், தூளைத் தாளில் பதிக்கும் உருளையான டிரம்மும் தனித்தனியாக வரும் மாடல்களில் இது நன்றாகவே குறையும். பெட்டியில் போட்டிருக்கும் பக்கக் கணக்கும், தாளில் ஏறக்குறைய 5 சதவீத இடத்தில் மட்டும் மை விழும் என்று வைத்துச் சொல்வது. லோகோ, கட்டம் கட்டிய பில் எல்லாம் அடித்தால் அவ்வளவு வராது.

சரி, பாட்டில் மையை ஊற்றிப் பைசாக் கணக்கில் ஓட்டும் இங்க்டேங்க்கையே வாங்கிவிடலாமா? சில மாடல்களில் கறுப்பும் டை இங்க்தான். தண்ணீர் பட்டால் கரையும். நாக்கில் விரலைத் தொட்டுப் பக்கம் புரட்டுகிறவர் கையில் ஒப்பந்தம் ஒன்றைக் கொடுத்தால் தெரிந்துவிடும். கறுப்பு, எளிதில் கரையாத பிக்மென்ட் இங்க்கா என்று கேளுங்கள். கடையிலேயே ஒரு தாள் பிரிண்ட் எடுத்து, இரண்டு நிமிடம் கழித்து ஈர விரலால் தேய்த்துப் பாருங்கள். அடிக்கடி பிரிண்ட் எடுக்காத ஆபீசில் மை தெளிக்கும் ஹெட் அடைத்துக்கொள்ளும். அதைச் சுத்தம் செய்யவும் இங்க்தான் செலவாகும். அந்தக் கழிவு இங்க்கை உறிஞ்சும் பேட் நிறைந்துவிட்டால், அதை மாற்றும் வரை மெஷின் அசையாது.

யுபிஎஸ் விஷயத்தில் ஏமாறாதவர்கள் குறைவு. ஒரு ஆடிட்டர் ஆபீசில் பிரிண்ட் கொடுத்தாலே கம்ப்யூட்டர் அணைந்துபோகிறது என்று கூப்பிட்டார்கள். வைரஸ் என்று நினைத்து விண்டோஸைக்கூட மாற்றியிருந்தார்கள். மேசைக்கடியில் குனிந்து பார்த்தால், 600 விஏ யுபிஎஸ்ஸில் கம்ப்யூட்டரோடு லேசர் பிரிண்டரும் செருகியிருந்தது. டோனர் தூளைத் தாளில் உருக்கி ஒட்டவைக்கும் ஃப்யூசர் 200 டிகிரி அளவுக்குச் சூடாக வேண்டும். அது சூடேறும் கணத்தில் இழுக்கும் கரண்டைச் சின்ன யுபிஎஸ் தாங்காது. சுவர் பிளக்கில் நேராக மாட்டினோம், அவ்வளவுதான். இங்க்ஜெட்டுக்கு (இங்க்டேங்க்கும் அதில் ஒரு வகைதான்) இந்தத் தொல்லை இல்லை. அடிக்கடி கரண்ட் போகும் ஊரில் இதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இங்க்ஜெட்டுக்கான ஸ்டிக்கர் ஷீட்டை லேசரில் விடவே கூடாது. உருகி ஃப்யூசரில் ஒட்டிக்கொண்டால் செலவு ஆயிரங்களில் போகும்.

கறுப்பு எழுத்தே மாதம் 3,000 பக்கத்துக்கு மேல் என்றால், டிரம் தனியாக உள்ள கறுப்பு வெள்ளை லேசர்தான் என் தேர்வு. கலருக்குச் சின்ன இங்க்டேங்க் ஒன்று பக்கத்தில் இருக்கட்டும். ஸ்கேனரும் சேர்ந்த மெஷின் என்றால், மூடியைத் திறந்து உங்கள் லீகல் சைஸ் பத்திரம் ஒன்றைக் கண்ணாடியில் வைத்துப் பாருங்கள். பல மெஷின்களில் கண்ணாடி ஏ4 அளவுதான். கடைசி நாலு வரி வெளியே தொங்கும்.