ஊரில் எப்பிபென் யார் கையில் இருக்கவேண்டும்?

கச்சான், கஜு, எள்ளு, இறால், நண்டு, பால், முட்டை, குளவிக்கொட்டு: இவற்றில் ஏதாவது ஒன்றுக்கு உயிராபத்தான ஒவ்வாமை உள்ளவரோடு யாழ்ப்பாணம் போகிறீர்கள் என்றால், டிக்கெட் எடுத்த கையோடு எப்பிபென்னின் (அட்ரினலின் மருந்தை அவசரத்தில் தொடையில் போடும் ஊசிப் பேனா) காலாவதித் திகதியைப் பாருங்கள். திரும்பி வரும் நாளைத் தாண்டி இருக்கவேண்டும். பிள்ளை வளர்ந்திருந்தால் அளவையும் கேளுங்கள். சிறுவர் எப்பிபென்னில் 0.15 மி.கி. அட்ரினலின், பெரியவர்களுடையதில் 0.3 மி.கி. நிறை 25, 30 கிலோவை நெருங்கும்போது பெரியதற்கு மாறவேண்டி வரும். எப்போது என்பதை உங்கள் வைத்தியர் சொல்வார்.

இரண்டு பேனாக்கள் எப்போதும் கூடவே இருக்கவேண்டும் என்பது பொதுவான விதி. ஊருக்கு என்றால் இன்னும் இரண்டு எழுதித் தரும்படி கேளுங்கள். அங்கே பாமசியில் வாங்கிக்கொள்ளலாம் என்ற நம்பிக்கையில் கிளம்பவேண்டாம். வைத்தியசாலைகளில் அட்ரினலின் இருக்கும், ஆனால் சிறு கண்ணாடிக் குப்பியில் இருக்கும். அதை ஊசியில் ஏற்றிப் போடுவது வைத்தியர், தாதிமார் வேலை. விமானத்தில் பேனாக்கள் கைப்பையில் வரட்டும், வைத்தியரின் கடிதத்தோடு. பெட்டிக்குள் போட்டு அனுப்பினால், வழியில் தேவைப்படும்போது அது எங்கே இருக்கிறதோ!

அப்புறம் வெயில். இந்த மருந்தை 25 பாகைக்கு மேல் வைக்காதீர்கள் என்றுதான் பெட்டியில் போட்டிருக்கும். யாழ்ப்பாணத்து ஓகஸ்ட் அதைக் கேட்காது. நிறுத்தி வைத்த வானுக்குள் பேனாவை விட்டுவிட்டுக் கோயிலுக்குள் போகக் கூடாது. தண்ணீரில் நனைத்தால் குளிர்ந்து இருக்கும் சிறு பைகள் (ஃப்ரியோ போன்றவை) விற்கிறார்கள், வாங்கினால் வீண்போகாது. பிரிட்ஜ் வேண்டாம். இதை வீட்டாருக்கு முன்கூட்டியே சொல்லிவையுங்கள், ஏனென்றால் இன்சுலின் வைக்கிற இடம் அதுதான் என்று அம்மம்மா நல்லெண்ணத்தோடு கொண்டுபோய் வைத்துவிடுவார். பேனாவின் சிறு ஜன்னல் வழியே மருந்து தெளிவாகத் தெரிகிறதா என்று இடைக்கிடை பாருங்கள். நிறம் மாறியதையும் காலாவதியானதையும் மாற்றவேண்டும். ஆனால் அவசர நேரத்தில் கையில் இருப்பது அது ஒன்றுதான் என்றால், ஒன்றும் போடாமல் இருப்பதைவிட அதைப் போடுவதே மேல்.

சாப்பாட்டு விஷயத்தில், 'நட்ஸ் ஒத்துக்கொள்ளாது' என்று மட்டும் சொன்னால் வேலைக்கு ஆகாது. வயிற்றுக்குச் சரிவராது போல என்றுதான் மாமி நினைப்பார். 'கச்சான், கஜு பட்டால் தொண்டை வீங்கி மூச்சடைக்கும், ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடவேணும்' என்று பச்சையாகச் சொல்லுங்கள். மிக்சரில் கச்சான் இருக்கும். பாயசத்திலும் சர்க்கரைப் பொங்கலிலும் கஜு கிடக்கும். அதைப் பொறுக்கி எடுத்துவிட்டுக் கொடுத்தால் போதாது. எள்ளு ஒவ்வாதவர்களுக்கு நல்லெண்ணெய்தான் பெரிய பிரச்சினை, இட்லிப்பொடி முதல் எண்ணெய் முழுக்கு வரை. இறாலும் நண்டும் ஒவ்வாதவர் கூழுக்குள் இருக்கும் பலாக்கொட்டையைக்கூடத் தொடமுடியாது, எல்லாம் ஒரே பானைதானே. நல்லூர்த் திருவிழா நாட்களில் கச்சான் கடைகளைச் சுற்றிப் போக வழியே இல்லை. பிள்ளையின் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள், பேனாவும் உங்களிடம் இருக்கட்டும். 'ஒரு வாய்தானே' என்று ஊட்டிவிடும் ஆச்சிமார் மீது கோபப்பட்டுப் பயனில்லை. வந்த முதல் நாளே ஊசியில்லாத பயிற்சிப் பேனாவை எடுத்து, வீட்டில் உள்ள ஒவ்வொருவரையும் தன் தொடையில் குத்திப் பழகச் சொல்லுங்கள். ஐந்து நிமிடம் சிரிப்பாக இருக்கும். அதன் பிறகு ஊட்டிவிடும் கை தானாக நின்றுவிடும், கூடவே பேனா போடத் தெரிந்தவர்களும் நாலைந்து பேர் ஆகிவிடுவார்கள்.

இனி உண்மையான ஆபத்து. சொன்னால் மனவருத்தப்படுவார்கள், இருந்தாலும் சொல்லியாகவேண்டும்: ஊரில் நேரம் வீணாவது பேனா இல்லாததால் மட்டும் அல்ல. 'சூடாக்கும்', 'நாவூறாக்கும்', 'ஒரு பிரிட்டன் (Piriton, ஒவ்வாமைக்குக் கொடுக்கும் சாதாரண மருந்து) குளிசை கொடுத்துப் பார்ப்போம்' என்று பேசிக்கொண்டிருப்பதாலும்தான். பிரிட்டன் தோல் அரிப்பையும் தடிப்பையும் குறைக்கும், மூச்சுக்குழாயைத் திறக்காது, விழுந்த இரத்த அழுத்தத்தைத் தூக்காது. குரல் கரகரக்கிறது, நாக்கு வீங்குகிறது, முட்டு இழுக்கிறது, திரும்பத் திரும்ப வாந்தி, பிள்ளை துவண்டு போகிறது, தலைசுற்றி விழப்பார்க்கிறது: இவற்றில் ஒன்று வந்தாலும் பேனாவைப் போடுங்கள். தோலில் தடிப்பு வரவில்லையே என்று காத்திருக்கக் கூடாது, தடிப்பே இல்லாமலும் வரும். சந்தேகமாக இருந்தாலும் போடுங்கள். அப்பப்பாவுக்கு இருதய வருத்தம் இருந்தாலும் போடத்தான் வேண்டும். நெஞ்சு படபடக்கும், கை நடுங்கும், முகம் வெளிறும். கொஞ்ச நேரத்தில் அடங்கிவிடும்.

போடும் முறை எளிது. ஆளைப் படுக்க வையுங்கள். எப்பிபென் என்றால் செம்மஞ்சள் முனை கீழே இருக்கும்படி முஷ்டியால் பிடித்து, மறுகையால் நீல மூடியை இழுத்து எடுங்கள். முனையில் விரல் வேண்டாம். பிள்ளையின் காலை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, தொடையின் வெளிப்பக்க நடுவில் 'கிளிக்' என்று கேட்கும்வரை அழுத்தி, 3 வினாடி அப்படியே வைத்திருங்கள். ஜெக்ஸ்ட் என்ற இன்னொரு வகைப் பேனா என்றால் மூடி மஞ்சள், முனை கறுப்பு, வைத்திருக்கவேண்டியது 10 வினாடி. ஜீன்ஸ், சாரம் எதன் மேலாகவும் போடலாம், பொக்கெட்டில் ஏதும் இல்லை என்று மட்டும் பாருங்கள். நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். 5 நிமிடத்தில் தேறவில்லை என்றால் இரண்டாவது பேனா.

ஒருவர் பேனாவைப் போடும்போதே இன்னொருவர் 1990-க்கு அழைக்கட்டும். அது சுவசெரிய அம்புலன்ஸ், இலவசம். 2016-இல் தெற்கில் தொடங்கியது, 2018-இல் வடக்குக்கும் வந்தது. வீட்டு இலக்கத்தைவிடச் சந்தி, கோயில், பாடசாலை என்று அடையாளம் சொன்னால் விரைவாக வருவார்கள். தமிழ்நாட்டுக்கும் ஒரு நடை போகிறீர்கள் என்றால் அங்கே 108.

அம்புலன்ஸ் வரும்வரை கால்களை உயர்த்திப் படுக்க வைத்திருங்கள். மூச்சுவிடக் கஷ்டம் என்றால் கால்நீட்டி உட்காரலாம். வாந்தி எடுத்தாலோ நினைவு தப்பினாலோ ஒரு பக்கமாகச் சரித்துப் படுக்க வையுங்கள். எழுப்பி நடக்கவிடக் கூடாது. நம் ஊர் வழக்கம் என்ன? ஆளை மோட்டார் சைக்கிளில் நடுவில் இருத்தி, பின்னால் ஒருவர் பிடித்துக்கொண்டு பறப்பது. பாம்புக்கடிக்கும் அதுதான், நெஞ்சுவலிக்கும் அதுதான். இரத்த அழுத்தம் விழுந்தவரைச் சட்டென நிமிர்த்தினால் இதயத்துக்குத் திரும்பும் இரத்தம் குறைந்து, அந்த இடத்திலேயே உயிர் போகலாம். வாகனத்தில்தான் கொண்டுபோகவேண்டும் என்றால் வானைக் கூப்பிட்டு, சீற்றில் படுக்க வைத்துக் கொண்டுபோங்கள்.

பேனா போட்டுத் தேறிவிட்டாலும் ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும். சில மணி நேரம் கழித்து, சாப்பிட்டது ஒன்றும் இல்லாமலேயே மறுபடி வரக்கூடும். 'பிள்ளை சிரிக்குது, வீட்டை போவம்' என்று சித்தப்பா அவசரப்படுத்தினாலும் வைத்தியர் விடும்வரை இருங்கள். பாவித்த பேனாவைக் கையோடு கொண்டுபோய்க் கொடுத்து, எத்தனை மணிக்குப் போட்டது என்று சொல்லுங்கள். வடகிழக்குக்கு வெளியே சுற்றுவதாக இருந்தால், ஒவ்வாமை என்ன, மருந்து என்ன என்று தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் எழுதிய அட்டை ஒன்று பேனாவோடு இருக்கட்டும். சிகிரியாவில் பெருந்தேனீக்கள் கலைந்து ஆட்களைக் கொட்டுவது உண்டு. தேனீக்கொட்டு ஒவ்வாதவர் அந்தப் பாறையில் ஏறாமல் கீழே நின்று பார்ப்பதே நல்லது என்பது என் கருத்து.

நெடுந்தீவையும் யோசித்துப் பாருங்கள். குறிகட்டுவானில் இருந்து படகில் ஏறத்தாழ ஒரு மணி நேரம், நடுக்கடலுக்கு 1990 வராது. நான்கு பேனாக்களும் பையில் இருந்து, சாப்பாட்டையும் வீட்டிலிருந்து கட்டிக்கொண்டு போனால், தாராளமாகப் போய்வரலாம். பயணத்தின் நடுவில் பேனாக்களைப் பாவித்து இரண்டுக்குக் கீழே வந்துவிட்டால் தீவுப் பயணத்தை அடுத்த தடவைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.